கம்பத்தில் ஒரு கம்பம்

கம்பம் என்பது தேனி ஜில்லாவில் உள்ள ஓர் ஊர். நட்டு நிறுத்திய தூணுக்கும் கம்பம் என்றுதான் பெயர். அந்தக் கம்பத்தில், ஒரு வீட்டு மொட்டை மாடியில், இந்தக் கம்பம் ஒன்றை நிறுத்திச் செப்புக் கம்பி கட்டினால், மலைகளைத் தாண்டி உலகத்தோடு பேச முடியுமா? முடியும். அதற்கு உயர்ந்த கோபுரம்கூட வேண்டியதில்லை.

வீட்டிலுள்ள பிள்ளையோ பெண்ணோ இந்த ஆசையை வெளியிட்டதும், "இடி விழுமே!" என்பாள் பாட்டி. "செலவு என்ன ஆகும்?" என்பார் தகப்பனார். "எங்கள் டெலிவிஷன் கெட்டுவிடாதா?" என்பார்கள் அண்டை வீட்டார். "கையில் டெலிபோன் இருக்க இது எதற்கு?" என்பான் மூத்தவன். நான்கும் நியாயமான கேள்விகளே.

லாபம் கருதாமல், ஆசையினாலும் ஆராய்ச்சியினாலும் சொந்த ரேடியோ நிலையம் நடத்துகிறவர்களை அமெச்சூர்கள் என்கிறோம். நம் தேசத்தில் இவர்களுடைய சரித்திரம் பழையது. 1924-ம் வருஷத்தில் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னை ராஜதானி ரேடியோ கிளப், சர்க்கார் வானொலி பிறப்பதற்கு முன்பே பாட்டும் பேச்சும் ஒலிபரப்பிற்று. பணமுடையால் 1927-ல் அது நின்றது. பிறகு 1930-ல் சென்னை நகரசபை அந்தப் பணியை மேற்கொண்டது.

1939-ல் யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் சர்க்கார் அமெச்சூர்களின் ஒலிபரப்புக் கருவிகளை ஒப்படைக்கும்படி உத்தரவிட்டது. ஆயினும் 1942 ஆகஸ்டுப் போராட்டத்தின்போது பம்பாயில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். போலீஸார் மோப்பம் பிடிக்காதிருக்க வீடு வீடாக இடம் மாற்றினார்கள். அவ்வருஷம் நவம்பரில் கைதாகிச் சிறை சென்ற உஷா மேத்தா 1946-ல்தான் விடுதலையானார். அந்த ரேடியோ ஒலித்த அலையின் நீளம் 42.34 மீட்டர். இந்த எண்ணை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை; கிழக்கே மேகமலையும் வருஷநாட்டு மலைகளும். நடுவே முல்லைப் பெரியாறு பாயும் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர். கண்ணுக்கு அழகான இந்த மலைச்சுவர் ரேடியோவுக்கு ஒரு தடை. மிகக் குறுகிய அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. கொடைக்கானல் வானொலி தென் ஜில்லாக்கள் பலவற்றில் கேட்பதற்குக் காரணம், அது சுமார் 2,000 மீட்டர் உயரத்திலிருந்து பேசுவதுதான். பள்ளத்தில் இருப்பவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மலை ஆயிரம் மீட்டர் உயர்ந்து நின்றால், அடிவானத்திலிருந்து சுமார் 6 டிகிரி வரையில் வானம் மறைந்துபோகும். அறுபது அடிக் கோபுரம் கட்டினாலும் அந்தக் கோணம் குறைந்தது தெரியாது.

ஆனால் மலைக்குப் பக்கச் சுவர் உண்டே தவிர, கூரை கிடையாது! பூமிக்கு மேலே சுமார் 250 கிலோமீட்டருக்கு அப்பால், சூரிய கிரணங்களால் மின்னூட்டம் பெற்ற வாயு மண்டலம் இருக்கிறது. கல்கத்தாப் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா இந்த மேல் மண்டலங்களை ஆராய்ந்து 1947-ல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. 40 மீட்டர் அளவுள்ள அலையைப் பகலில் ஏறக்குறையச் செங்குத்தாக மேலே அனுப்பினால், அந்த மண்டலம் அதைத் திருப்பி மழைபோல் கீழே பொழியும். மலை குறுக்கே நிற்பதில்லை. கம்பத்திலிருந்து மதுரைக்கும், சுமார் 500 கிலோமீட்டர் தூரத்துச் சென்னைக்கும் இந்த வழியில் பேசலாம். இதற்குக் கம்பி தரையிலிருந்து முப்பது, முப்பத்தைந்து அடி உயரத்தில் இருந்தாலே போதும். கோபுரம் பெரிதாயிருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊருக்குப் பொருந்தாது.

468 என்ற எண்ணை அலையின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் நீளம் அடிக் கணக்கில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 66 அடி. அதை நடுவில் வெட்டி, இரண்டு 33 அடித் துண்டுகளாக்கி, வெட்டிய இடத்தில் கேபிளை இணைக்க வேண்டும். நடுப்பாகத்தை ஓர் இரும்புக் குழாயின் உச்சியில் கட்டி, இரு முனைகளையும் கூரைபோல் சரித்து, நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுவது எளிய முறை. முனைகளில் மின்னழுத்தம் அதிகம்; தொட்டால் சுடும். ஆகையால் அவை ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். குழாய், கம்பி, கயிறு, கேபிள் ஆகிய இவைதாம் செலவு. தகப்பனார் கவலைப்பட வேண்டியது கம்பத்துக்காக அன்று, ரேடியோ யந்திரத்துக்காக!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. கம்பம் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாய்வதனால்தான் இந்த ஜில்லாவில் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆகவே மின்சாரத் தூண்களுக்கு ஸ்டே கம்பி கட்டுவதுபோல் மூன்று திசைகளிலாவது இழுத்துக் கட்டுதல் அவசியம். வைகாசி முடிவதற்குள் முடிச்சுகளைச் சோதித்துவிட வேண்டும். இவை எல்லாவற்றினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு: குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்சாரக் கம்பியைத் தொடக் கூடாது. குழாயின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரமாவது விலகியிருக்க வேண்டும். நிமிர்த்தும்போது ஒரு கணம் தவறினாலும் உயிர் போய்விடும். அந்தத் தூரம் இல்லாத வீட்டில் நிறுத்தாதிருப்பதே விவேகம்.

பாட்டியின் பயமும் வீண் பயமன்று. குழாயைத் தடித்த கம்பியால் பூமியுடன் இணைக்க வேண்டும். இடி முழங்குவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் நேர்ந்தால் வடிகட்டும் சாதனம் பொருத்திச் சரிசெய்வது அமெச்சூரின் கடமை.

மூத்தவனுக்கு என்ன பதில்? 2018 மார்ச் 11-ந் தேதி போடிக்கு அருகே குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில், மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலையில் தவிப்பவரின் குரல் ஊருக்கு எட்ட வேண்டியது எவ்வளவு அவசியம் என்பதை இந்த ஜில்லா அன்று உணர்ந்தது. 2004 டிசம்பரில் ஆழிப் பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அமெச்சூர் பணிக்காக அங்கே சென்றிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய குழுவினரும் பல நாட்கள் செய்தி பரிமாறி உதவினார்கள். கைட் டெலிபோனுக்கு இடையிலே கோபுரம் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். அமெச்சூருக்கு ஒரு பாட்டரியும் ஒரு கம்பியும் போதும்.

உரிமம் இன்றி ஒலிபரப்புவது குற்றம். 12 வயது நிரம்பியவர்கள் மத்திய சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி உரிமம் பெறலாம். வியாபாரப் பேச்சுக்கு அதில் இடமில்லை.

இப்போது அந்த 42.34 மீட்டரை நினைவுகூர்வோம். அது ஏறக்குறைய 7.08 மெகாஹெர்ட்ஸ், இன்று அமெச்சூர்களுக்கென்று சர்க்காரே ஒதுக்கியிருக்கும் 40 மீட்டர் அலைவரிசைக்குள் அடங்கியது. எந்த அலையில் பேசியதற்காக ஒரு பெண்மணி சிறை சென்றாரோ, அந்த அலையில் கம்பத்துச் சிறுமி ஒருத்தி இன்று பகிரங்கமாகத் தன் பெயர் சொல்லிப் பேசலாம். அவளுக்கு ஒரு கம்பம் நட்டுக் கொடுக்க நம் வீட்டு மாடியில் இடமில்லாமலா போகும்?