லிட்டரைப் பார்க்காதீங்க, ஆழத்தைப் பாருங்க

போன செமஸ்டர்ல ஒரு நாள், பீச் - தாம்பரம் ரயில்ல கூட்டம். தோள் வலி தாங்காம பையை இறக்கித் தரையில வெச்சேன். "டொக்"னு ஒரு சத்தம். வீட்டுல வந்து பார்த்தா லேப்டாப்போட ஒரு மூலை விரிசல் விட்டிருக்கு. பை புதுசு, பெருசு, பார்க்க கெத்தா வேற இருந்துச்சு. தப்பு எங்கேன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

முதல்ல அளவு. 15.6 இன்ச் என்பது திரையின் மூலைவிட்டம் மட்டும்தான். லேப்டாப்போட முழு உடம்பு ஏறக்குறைய 36 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம் இருக்கும். அதுக்கு 45 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம் உள்ள பை போதும். பெருக்கிப் பாருங்க, சுமார் 20 லிட்டர். சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், ரெண்டு நோட்டு எல்லாம் அடங்கிடும்.

அதே பையில ஆழம் மட்டும் 25 செ.மீ. ஆனா கிட்டத்தட்ட 34 லிட்டர். இங்கதான் முதல் வருஷ மெக்கானிக்ஸ் வேலைக்கு வருது. 5 கிலோ சுமை பை முழுக்கச் சமமா பரவியிருந்தா, அதோட ஈர்ப்பு மையம் ஆழத்தின் பாதியில இருக்கும். 15 செ.மீ. பையில அது முதுகிலிருந்து 7.5 செ.மீ. தூரம், திருப்புவிசை 3.7 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. பையில 12.5 செ.மீ.; 6.1 நியூட்டன் மீட்டர். எடை ஒண்ணுதான், ஆனா பின்பக்க இழுப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல. அதைச் சமாளிக்கத்தான் நாம கூன் போட்டு நடக்கிறோம். அதனால லேப்டாப் எப்பவும் முதுகை ஒட்டியே இருக்கணும்.

அடுத்தது, என் லேப்டாப்பைக் காப்பாத்தியிருக்கக்கூடிய சோதனை. லேப்டாப் அறைக்குள்ள கையை விட்டு அடிவரை தொட்டுப் பாருங்க. பையோட அடித்துணியே விரல்ல தட்டுப்பட்டா, தரையில வைக்கிற ஒவ்வொரு தடவையும் அடி நேரா லேப்டாப்புக்குத்தான். நல்ல பையில அந்த அறை அடியிலிருந்து ரெண்டு மூணு செ.மீ. மேலேயே முடிஞ்சிடும்.

கடைசியா மழை. துணி தண்ணியைத் தடுத்தாலும் ஜிப், தையல் வழியா உள்ள இறங்கும். அக்டோபர் வந்தா ரெயின் கவர் கட்டாயம்.

பை வாங்கப் போறப்போ லேப்டாப்பையும் கையோட எடுத்துட்டுப் போங்க. உள்ள வெச்சு, மாட்டி, கடைக்குள்ளேயே நாலு அடி நடந்து பார்த்துட்டு அப்புறம் காசைக் கொடுங்க.