நின்றுபோன நிரல் எந்த வழியாக வந்தது?

ஒரு பள்ளியில் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கக் கணிப்பொறி நிரல் ஒன்று எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிரல் முழுவதையும் ஒரே தொடராக எவரும் எழுதுவதில்லை. சிறு சிறு வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துணைநிரல் எழுதுவதே வழக்கம். நம் எடுத்துக்காட்டில் மூன்று துணைநிரல்கள் இருக்கட்டும். ‘தலைமை’ என்பது வகுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘பட்டியல்’ என்ற துணைநிரலிடம் ஒப்படைக்கும். ‘பட்டியல்’ மொத்த மதிப்பெண்ணையும் மாணவர் எண்ணிக்கையையும் ‘சராசரி’யிடம் கொடுத்து, வகுத்துச் சொல்லும்படி கேட்கும்.

ஒருநாள் நிரல் பாதியில் நின்றுவிடுகிறது. பார்த்தால், ‘சராசரி’யில் வகுக்கும் இடத்தில் வகுக்கும் எண் சுழி! முழு எண்ணைச் சுழியால் வகுக்கச் சொன்னால் செயலி மறுத்துவிடும். சரி, குற்றம் ‘சராசரி’யுடையதா? கொடுத்த எண்களை அது வகுக்க முயன்றது, அவ்வளவே. மாணவர் எவரும் சேராத ஒரு பிரிவையும் கணக்கில் சேர்த்துச் சுழியை அனுப்பிவைத்தது ‘பட்டியல்’. ஆகவே, நிரல் எங்கே நின்றது என்று தெரிந்தால் மட்டும் போதாது. அங்கே அனுப்பியது யார், அவரை அனுப்பியது யார் என்று வந்த வழி முழுவதும் தெரியவேண்டும்.

இந்த வழியைக் காட்டுவது டிபக்கர் என்னும் கருவி நிரலின் வேலைகளுள் ஒன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய ஜிடிபி என்ற டிபக்கர் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. நின்ற இடத்திலிருந்து தொடங்கி, அழைத்தவர், அவரை அழைத்தவர் என்று அது வரிசையாக எழுதிக்காட்டும். இதைப் பின்தடம் என்று நாம் சொல்லலாம். இதில் வியப்பு என்னவென்றால், நிரல் ஓடியபோது டிபக்கர் கூடவே இருந்து குறிப்பெடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, நினைவகத்தில் கிடக்கும் எண்களை மட்டும் பார்த்து நடந்ததைக் கண்டுபிடிக்கிறது. எப்படி?

புதைத்துவைத்த முகவரி

ஒரு துணைநிரலை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்பி வரவேண்டும் என்ற முகவரியை எங்காவது எழுதி வைத்தாகவேண்டும். ஆலன் டூரிங் 1945இல் தாம் எழுதிய கணிப்பொறித் திட்டத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். முகவரியைப் ‘புதைப்பது’, பின்பு ‘தோண்டி எடுப்பது’ என்ற பொருள்தரும் சொற்களையே அவர் கையாண்டார். கடைசியாகப் புதைத்ததை முதலில் எடுக்கவேண்டும். 1957இல் ஜெர்மனியில் பாவர், சாமெல்சன் என்ற இருவர் இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தனர். இன்று இதை அடுக்கு என்கிறோம்.

இன்றைய மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் உள்ள எக்ஸ்86-64 வகைச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதில் அடுக்கு தலைகீழாக வளர்கிறது. அதாவது, புதிதாக வைப்பது முன்னதைவிடக் குறைந்த எண்ணுள்ள முகவரிக்குப் போகும். ஒவ்வோர் இடமும் 8 பைட் அகலம். அடுக்கின் முனை இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் செயலிக்குள் உள்ள ஒரு பதிவகம் நினைவில் வைத்திருக்கும். அதற்கு முனைகாட்டி என்று பெயரிடுவோம்.

ஒவ்வொரு துணைநிரலும் தனக்கு வேண்டிய எண்களையும் இதே அடுக்கில்தான் வைத்துக்கொள்கிறது. ஆகவே திரும்பும் முகவரிகள் மட்டும் வரிசையாகக் கிடைப்பதில்லை. மதிப்பெண்கள், கூட்டுத்தொகைகள், வேறு முகவரிகள் எல்லாம் நடுநடுவே கலந்து கிடக்கும். எல்லாமே எண்கள்தாம். எது திரும்பும் முகவரி என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது.

பாயிரம் படித்தல்

இங்கேதான் துணைநிரலின் முதல் சில ஆணைகள் உதவிக்கு வருகின்றன. நூலுக்குப் பாயிரம் போல ஒவ்வொரு துணைநிரலுக்கும் ஒரு தொடக்கப் பகுதி உண்டு. ஆங்கிலத்திலும் இதே பொருள்பட புரோலாக் என்றே சொல்கிறார்கள். வேலையைத் தொடங்குமுன் அடுக்கில் தனக்கு இடம் ஒதுக்கிக்கொள்ளும் பகுதி அது. நாம் எழுதுவதன்று, நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் தானே சேர்ப்பது. வழக்கமான பாயிரத்தில் மூன்று ஆணைகள் இருக்கும். இதற்கு அடிகாட்டி என்ற இன்னொரு பதிவகமும் தேவை. அது இந்தத் துணைநிரலுக்குரிய பகுதியின் அடியைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

துணைநிரலுக்குள் நுழையும் நொடியில் முனைகாட்டியின் மதிப்பு என்ன? நமக்குத் தெரியாது. தெரியாததை என்ன செய்வோம்? இயற்கணிதத்தில் செய்வதைப் போல அதற்கு ‘க’ என்று பெயர் வைப்போம். திரும்பும் முகவரி ‘க’ என்ற இடத்தில் உள்ளது.

முதல் ஆணை, அழைத்தவருடைய அடிகாட்டியை அடுக்கில் வைக்கிறது. முனைகாட்டி இப்போது க − 8.

இரண்டாம் ஆணை, முனைகாட்டியை அடிகாட்டிக்கு நகல் எடுக்கிறது. அடிகாட்டியும் க − 8.

மூன்றாம் ஆணை, சொந்த எண்களுக்காக 32 பைட் ஒதுக்குகிறது. முனைகாட்டி க − 40.

இனி வேலையின் நடுவில் முனைகாட்டி எப்படி நகர்ந்தாலும் கவலையில்லை. அடிகாட்டியோடு 8 கூட்டினால் ‘க’. அங்கே திரும்பும் முகவரி இருக்கிறது. அடிகாட்டி சுட்டும் இடத்திலேயே அழைத்தவருடைய பழைய அடிகாட்டி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அழைத்தவரின் பகுதிக்குப் போகலாம். அங்கிருந்து அவரை அழைத்தவரிடம் போகலாம். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்குவதுபோல ‘தலைமை’ வரை சென்றுவிடலாம். ‘க’வின் மதிப்பை எந்த இடத்திலும் நாம் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. பாயிரம் எதுவரை நிறைவேறியிருக்கிறது என்று டிபக்கர் பார்க்கவேண்டும். ‘சராசரி’யின் முதல் ஆணையிலேயே நிரல் நின்றுவிட்டது என்க. அப்போது அடிகாட்டியில் இருப்பது இன்னும் ‘பட்டியல்’ வைத்துவிட்டுப் போன மதிப்பு! அதோடு 8 கூட்டிப் பார்த்தால் கிடைப்பது, ‘பட்டியல்’ திரும்பவேண்டிய முகவரி. அது ‘தலைமை’யில் உள்ளது. எனவே, ‘சராசரி’யை அழைத்தது ‘தலைமை’ என்று டிபக்கர் சொல்லிவிடும். உண்மைக் குற்றவாளியான ‘பட்டியல்’ பின்தடத்திலிருந்தே மறைந்துபோகும். தடம் அறுந்திருந்தால் ஐயப்பட்டு மறுபடி பார்ப்போம். ஒழுங்காகத் தோன்றும் தவறான தடத்தை எவரும் ஐயப்படுவதில்லை. நாள் முழுவதும் ‘தலைமை’யில் தேடிக்கொண்டிருப்போம்.

முதல் ஆணையில் நிரல் நிற்பது அரிது என்று எண்ணவேண்டாம். ஒரு துணைநிரல் முடிவில்லாமல் தன்னைத்தானே அழைத்துக்கொண்டே போனால் அடுக்குக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்துவிடும். இடம் தீர்ந்தது தெரியவருவது பெரும்பாலும் அடுக்கில் எதையாவது வைக்கும் ஆணையில்தானே!

நான்கு பைட் செய்த குழப்பம்

இந்தப் பாயிரத்தை டிபக்கர் எவ்வாறு அடையாளம் கண்டுகொள்கிறது? எந்திர மொழியில் ஆணைகளும் எண்களே. எக்ஸ்86-64 செயலியில், அடிகாட்டியை அடுக்கில் வைக்கும் ஆணை 85 என்ற ஒரே பைட். அடுத்துவரும் நகல் ஆணை 72, 137, 229 என்ற மூன்று பைட். (இதையே 72, 139, 236 என்றும் எழுதலாம்.) ஜிடிபி துணைநிரலின் தொடக்கத்துக்குப் போய், முதல் பைட் 85 தானா என்று பார்க்கும். ஆம் என்றால் மேலே படிக்கும். இல்லையென்றால், ‘இது அடிகாட்டி வைத்துக்கொள்ளாத துணைநிரல், திரும்பும் முகவரி அடுக்கின் முனையிலேயே இருக்கும்’ என்று முடிவுகட்டும்.

இது நெடுங்காலம் நன்றாகவே நடந்தது. பின்னர் வேறொரு துறையிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. ஓடும் நிரலை ஏமாற்றி, அது போகக்கூடாத இடத்துக்குத் தாவச் செய்வது கணிப்பொறித் திருடர்களின் ஒரு தந்திரம். இதைத் தடுக்க இன்டெல் நிறுவனம் 2016இல் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்டது. அதன்படி, தாவி வந்து இறங்க அனுமதியுள்ள இடங்களில் ஓர் அடையாள ஆணை இருக்கவேண்டும். அது 243, 15, 30, 250 என்ற நான்கு பைட். பழைய செயலிகள் இதைக் கண்டால் ஒன்றும் செய்யாமல் கடந்துபோகும். ஆகவே எவருக்கும் இடைஞ்சல் இல்லை என்று கருதப்பட்டது. ஜிசிசி கம்பைலர் இதைச் சேர்க்கக் கற்றுக்கொண்டது. 2019இல் வெளியான உபுண்டு 19.10 இதைக் கேட்காமலே சேர்க்கும் வழக்கமாக்கியது.

விளைவு? துணைநிரலின் முதல் பைட் இப்போது 85 அன்று, 243. ஜிடிபி உடனே, ‘இது அடிகாட்டி இல்லாதது’ என்று எண்ணிவிடும். அடுக்கின் முனையில் உள்ள எண்ணைத் திரும்பும் முகவரியாக எடுத்துக்கொள்ளும். துணைநிரலின் நடுவில் நின்றிருந்தால் அங்கே இருப்பது என்ன? அதன் சொந்த எண்களில் ஒன்று. 437 என்ற மொத்த மதிப்பெண்ணை முகவரி என்று நம்பி, அங்கே போய்த் தேடினால் என்ன கிடைக்கும்!

எல்லா நிரல்களிலும் இப்படி ஆகிவிடவில்லை. அடுக்கின் நிலை ஒவ்வோர் ஆணையிலும் எப்படி இருக்கும் என்று கம்பைலரே குறிப்பு அட்டவணை எழுதி வைப்பதுண்டு. அது இருந்தால் டிபக்கர் அதையே நம்பும், பாயிரத்தைப் படிக்காது. குறிப்பு இல்லாத இடங்களில், உதாரணமாகக் கையால் எந்திர மொழியில் எழுதிய பகுதிகளில், அல்லது நிரல் ஓடும்போதே உருவாக்கப்படும் ஆணைகளில், பாயிரம்தான் கதி. அங்கேதான் குழப்பம்.

2020இல் ஜிடிபியில் இது திருத்தப்பட்டது. திருத்தம் மிகச் சிறியது: முதல் நான்கு பைட்டும் 243, 15, 30, 250 ஆக இருந்தால், நான்கு இடம் தள்ளிச் சென்று அங்கிருந்து பாயிரத்தைப் படி. அவ்வளவே. நிரல் அந்த நான்கு பைட்டுக்குள்ளேயே நின்றிருந்தால் அதற்குமேல் படிக்காமல் நிறுத்திக்கொள் என்ற எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. 32 பிட் நிரல்களில் கடைசி எண் 250க்குப் பதில் 251. அதற்கும் தனியே திருத்தம் வேண்டியிருந்தது. வெர்னியர் அளவியில் சுழிப்பிழையைக் கழித்துவிட்டு அளவெடுக்கும் மாணவனுக்கு இந்தத் திருத்தம் புதுமையாகத் தோன்றாது.

இருப்பினும், அச்சு வைத்துப் பார்க்கும் இந்த முறையை நான் முழுமனதுடன் பாராட்ட மாட்டேன். கம்பைலர் நாளை வேறு ஆணையை முன்னே வைத்தால் மீண்டும் இதே கதைதான். இதைவிடச் சிறந்த முறை ஜிடிபியிலேயே இருக்கிறது. கைப்பேசிகளில் காணும் ஆர்ம் வகைச் செயலிகளுக்கு அது அதைத்தான் கையாளுகிறது. மேலே நாம் ‘க’ வைத்துச் செய்த கணக்கேதான் அது! ஒவ்வோர் ஆணையையும் படித்து, ஒவ்வொரு பதிவகத்தின் மதிப்பையும் மூன்றில் ஒன்றாகக் குறித்துக்கொள்கிறது: தெரிந்த எண், ஏதோ ஒரு பதிவகத்தின் தொடக்க மதிப்போடு ஓர் எண்ணைக் கூட்டியது, அல்லது ‘தெரியாது’. ஆணைகள் எந்த வரிசையில் வந்தாலும் கணக்கு நடக்கும். தனக்குப் புரியாத ஆணை வந்தால் அங்கேயே நின்றுவிடலாம்; ஊகித்துச் சொல்வதில்லை. அந்தத் ‘தெரியாது’ என்ற மூன்றாம் வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு துணைநிரல் முதலில் பழைய அடிகாட்டியை அடுக்கில் வைக்கிறது. அடுத்து இன்னொரு பதிவகத்தையும் அடுக்கில் வைக்கிறது. அதன் பிறகே முனைகாட்டியை அடிகாட்டிக்கு நகல் எடுக்கிறது. திரும்பும் முகவரி அடிகாட்டியிலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கும்? வழக்கம்போல 8 என்று எண்ணிப் போகும் டிபக்கர் அங்கே எதைக் காணும்?