இருட்படமும் இல்லத்திரையும்

திரைப்படம் என்றாலே பாட்டும் கூத்தும் என்று எண்ணிப் பழகிய நம்மவர்க்கு, இருட்படம் என்றொரு வகை உண்டு என்பது புதுமையாகத் தோன்றலாம். 1946ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் திறனாய்வாளர் நீனோ ஃபிராங்க், அக்காலத்து அமெரிக்கக் குற்றப்படங்கள் சிலவற்றைச் சுட்ட 'ஃபிலிம் நுவார்' என்னும் தொடரை ஆண்டார். கறுப்புப் படம் என்பது அதன் நேர்ப்பொருள். பாதி முகம் ஒளியிலும் பாதி முகம் நிழலிலும் நிற்கும் மாந்தர், மழை நனைத்த தெரு, சாளரக் கம்பிகளின் நிழல் விழுந்த சுவர், பணத்தாசையாலோ அச்சத்தாலோ வழுக்கி விழும் மனிதன் ஆகியவை இவ்வகையின் அடையாளங்கள். இங்கு நல்லவன் வெல்வான் என்னும் உறுதி கிடையாது. நல்லவன் யார் என்பதே ஐயத்துக்குரியது.

இவ்வகையில் நிறவெறியைப் பொருளாகக் கொண்ட படங்கள் மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது 1959இல் வெளிவந்த 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ' எனலாம். பதவியிழந்த முதிய காவலர் ஒருவர் சிற்றூர் வங்கி ஒன்றைக் கொள்ளையிடத் திட்டமிட்டு இருவரைச் சேர்க்கிறார். ஒருவன் சூதாட்டக் கடனில் மூழ்கிய கறுப்பினப் பாடகன். மற்றவன் கறுப்பினத்தவரை அடியோடு வெறுக்கும் வெள்ளையன். திட்டம் குலைவதற்குக் காவல்துறையின் திறமை பெரிதும் தேவைப்படவில்லை. அவ்வெள்ளையனின் வெறுப்பே போதுமானதாயிற்று. இறுதியில் எரிவாயுக் கொள்கலன்களின்மேல் ஏறி ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள, நெருப்பு வெடித்து இருவரும் கரிந்து போகின்றனர். எந்த உடல் வெள்ளையன் உடல், எந்த உடல் கறுப்பன் உடல் என்று வந்தவர்களால் பிரித்தறிய முடியவில்லை.

பாடகனாக நடித்த ஹாரி பெலஃபான்டே தம் சொந்த நிறுவனத்தின் வாயிலாகவே இப்படத்தைத் தயாரித்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் நண்பர் அவர். இயக்கியவர் ராபர்ட் வைஸ். வெறுப்பாளனாக நடித்த ராபர்ட் ரயன், தம் வாழ்வில் குடியுரிமை இயக்கத்தின் பக்கம் நின்றவர். இதில் நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. ஒடுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த நாயகனைக் குற்றமற்ற தூயவனாகப் படைப்பதே பொதுவான வழக்கம். பெலஃபான்டே அவ்வாறு செய்யவில்லை. தவறிழைக்கும் உரிமையும் மனித உரிமையின் ஒரு பகுதியே என்பதுபோல, கடனாளியாகவும் சினமுடையவனாகவும் பாடகனைக் காட்டினார்.

இப்படத்தின் திரைக்கதையை எழுதியவர் ஏபிரகாம் போலன்ஸ்கி. பொதுவுடைமை ஐயத்தின் பேரில் ஹாலிவுட் அவரைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருந்தமையால், ஜான் கில்லன்ஸ் என்னும் கறுப்பின நாவலாசிரியரின் பெயரே திரையில் இடம்பெற்றது. 1996இல்தான் எழுத்தாளர் சங்கம் போலன்ஸ்கியின் உரிமையை முறைப்படி ஏற்றது. அதற்குள் 37 ஆண்டுகள் கடந்துவிட்டன. அரங்குகளிலிருந்து என்றோ மறைந்த படத்துக்கு இத்தகைய நீதி கிடைக்க வேண்டுமாயின், படம் எங்கேனும் உயிரோடிருந்து காணப்பட வேண்டும். தொலைக்காட்சியும், பின்னர் நாடாப் பேழை, டிவிடி, புளூ-ரே எனத் தொடர்ந்த இல்லத்திரை வெளியீடுகளும் அவ்வேலையைச் செய்தன.

தமிழில் இதற்கு இணை உண்டா எனத் தேடினால் ஒரு வியப்பு நேர்கிறது. வடிவம் ஒரு படத்திலும் பொருள் வேறொரு படத்திலுமாகப் பிரிந்து கிடக்கின்றன.

வடிவம் 'அந்த நாள்' படத்தில் இருக்கிறது. 1954இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்டது. இயக்கியவர் வீணை வித்தகர் எஸ். பாலச்சந்தர், எழுதியவர் ஜாவர் சீதாராமன். பாட்டில்லை, நடனமில்லை. 1943இல் சென்னையின்மீது ஜப்பானியக் குண்டு விழுந்த மறுநாளில் கதை தொடங்குகிறது. முதற்காட்சியிலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு வீழ்கிறார். கொன்றவர் யார் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்திலிருந்து சொல்ல, ஒளியும் நிழலும் சாட்சிகளைப்போல் வந்து நிற்கின்றன. வசூலில் படம் தோற்றது. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது.

பொருளோ 'தியாகபூமி'யில் இருக்கிறது. கே. சுப்பிரமணியம் இயக்கி 1939இல் வெளிவந்த இப்படத்தின் கதை கல்கியினுடையது. படக்காட்சிகளின் நிழற்படங்களோடு ஆனந்த விகடனில் தொடராகவும் வந்தது. புயலில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தம் இல்லத்தில் இடம் கொடுத்ததற்காகச் சம்பு சாஸ்திரியை ஊரார் சாதிவிலக்கம் செய்கின்றனர். சாஸ்திரியாக நடித்தவர் பாபநாசம் சிவன்.

இக்கதைக்கும் நம் வட்டாரத்துக்கும் உள்ள உறவைப் பலர் அறிந்திலர். ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரையில் நின்று வடக்கே நோக்கினால், அப்பக்கம் திருச்செங்கோடும் அதனையடுத்த புதுப்பாளையமும் உள்ளன. அப்புதுப்பாளையத்தில் 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சாதி வேறுபாடின்றி அனைவரும் சேர்ந்து வாழ்தல் அங்கு விதியாக இருந்தது. அவ்வாசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழ் தொடங்கப்பட்டபோது ராஜாஜிக்குத் துணையாக நின்று பணியாற்றியவர் இளைஞராயிருந்த கல்கி. தீண்டாமையைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியதில் இம்மண்ணின் பங்கும் உண்டெனக் கொள்வதில் தவறில்லை.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தியாகபூமியில் ஒடுக்கப்பட்டோர் இரக்கத்துக்கு உரியவராகத் தோன்றுமளவுக்குத் தம் கதையைத் தாமே கூறுபவராகத் தோன்றவில்லை. இன்னலுறும் நாயகர் அவர்களுக்கு உதவிய சாஸ்திரிதான். பெலஃபான்டேயின் பாடகனோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். ஆயினும் 1939இன் தமிழகத்தில் இவ்வளவு கூறியதே துணிவு. காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியபின், விடுதலை உணர்வை ஊட்டுவதாகக் கருதி ஆங்கில அரசு படத்தைத் தடைசெய்தது. இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படும் ஒரேயொரு படிவம் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் காக்கப்படுகிறது. அக்காப்பகம் 1964இல் தோன்றியது. அதற்குமுன் கால் நூற்றாண்டுக் காலம் அச்சுருள் பிழைத்திருந்ததே அரிது. அக்காலச் சுருள்கள் நைட்ரேட்டு என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. வெப்பத்தில் தாமாகவே சிதைந்து தூளாகும். பழஞ்சுருள்களிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்ற வழக்கமும் இருந்தது. தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) இவ்வாறு மறைந்த படங்களுள் ஒன்று.

இனி இல்லத்திரையின் கதை. 1980களில் திருமண வீடுகளிலும் தெருமுனைகளிலும் வாடகை 'டெக்' வைத்து விடிய விடியப் படம் பார்த்ததை மூத்தோர் நினைவுகூர்வர். அதனை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு 1984இல் ஒரு சட்டமே இயற்றியது. பின்னர் விசிடி வந்தது. ஒரு தகட்டில் ஏறத்தாழ 74 நிமிடங்களே அடங்கும். படம் 352க்கு 288 புள்ளிகளில் தெரியும். பாட்டுப் படத்துக்கு இது போதும். இருட்படத்துக்குப் போதாது. நிழலுக்குள் நிழலாக நிற்கும் சாம்பல் வண்ணங்களை அத்தகடு பிரித்தறியாமல் கறுப்புச் சதுரங்களாக உடைத்துவிடும். அந்த நாளில் சுவரருகே ஒருவர் நிற்கிறாரா இல்லையா என்பதே கதை. தகட்டில் சுவரும் இராது, ஆளும் இராது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது பழைய படங்கள் பெட்டிக்கடை வரை வந்தன. மலிவு நன்றே. ஆயினும் அகலத்திரைத் தொலைக்காட்சிக்காகச் சதுரப் படத்தை இழுத்தோ தலையை வெட்டியோ காட்டும் பழக்கமும் கூடவே பெருகியது.

நிறவெறிப் படத்தில் இக்குறை வெறும் தொழில்நுட்பக் குறையன்று. கறுத்த தோலுடைய நடிகரின் முகத்தில் தோன்றும் உணர்வு நுண்ணிய ஒளிவேறுபாடுகளால் ஆனது. மோசமான படியில் வெள்ளையன் முகம் தெளிவாகத் தெரியும். கறுப்பன் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டுமே எஞ்சும். எந்த ஓரவஞ்சனையை எதிர்த்துப் படம் எடுக்கப்பட்டதோ அதனைப் படியெடுத்தவர் அறியாமலே மீண்டும் செய்துவிடுகிறார். மூலச்சுருளிலிருந்து புதிதாகப் படியெடுத்து ஒளியைச் சட்டகம் சட்டகமாகச் சீர்செய்வதற்கு மேலை நாட்டார் பெரும்பொருள் செலவிடுவது இதனாலேயே. நம்மிடையே 'கர்ணன்' (1964) 2012இல் புதுப்பிக்கப்பட்டு அரங்குகளில் மீண்டும் ஓடியது. வண்ணப்படத்துக்கும் புகழ்பெற்ற நாயகனுக்கும் கிடைக்கும் முதலீடு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எளிதில் கிடைப்பதில்லை.

அந்த நாள் பிழைத்ததற்கு, அதனை எடுத்த நிறுவனம் நிலைத்து நின்றதும் ஓரளவு உதவியாயிற்று எனலாம். எல்லா நிறுவனங்களுக்கும் அந்நிலை வாய்க்கவில்லை. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அதனுடையது. மலையாளத்தின் முதற் பேசும்படமான 'பாலன்' (1938) அதனுடையது. வரதட்சிணைக் கொடுமையில் அல்லலுறும் மலபார் முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி 1961இல் வந்த 'கண்டம் பெச்ச கோட்டு' என்னும் மலையாளத்தின் முதல் வண்ணப்படத்தைத் தயாரித்து இயக்கியவரும் சுந்தரமே. பிறமொழி பேசும் வேறொரு சமூகத்தின் துயரைத் தம் பொருளைச் செலவிட்டுத் திரையேற்றிய இச்செயல் நம் கல்லூரிகளில் பேசப்படாமலே இருக்கிறது. அவர் 1963இல் மறைந்தார். ஏற்காடு செல்லும் சாலையில் பல காணி நிலத்தில் பரந்திருந்த படப்பிடிப்பு நிலையம் பிற்காலத்தில் கைமாறி வீடுகளாயிற்று. இன்று அவ்விடத்தில் நிற்பது நுழைவாயில் வளைவு மட்டுமே.