எண்பதா, இருபத்துநான்கா? – பிரெஞ்சு எண்ணும் நம் வியாபாரமும்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்துகொண்டு பசியாவரம் முதலான மீனவர் ஊர்களின் இறால், நண்டு, மடவை ஆகியவற்றை நாங்கள் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். எங்களுக்கு நேர்ந்த ஒரு நஷ்டம் மற்றவர்களுக்குப் பாடமாகட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

புதுச்சேரியில் விடுதி நடத்திய பிரெஞ்சு அம்மையார் ஒருவர், விருந்துக்கு இறால் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டார். ஆங்கிலத்தில் பேசி வந்தவர், அளவு சொல்லும்போது தம் மொழிக்குத் தாவி "காத்ரு வேன்" என்றார். 'காத்ரு' நான்கு, 'வேன்' இருபது என்பது எங்களுக்குத் தெரியும். இரண்டையும் கூட்டி 24 கிலோ என்று குறித்துக்கொண்டோம். அவர் கேட்டதோ 80 கிலோ! அரைகுறையாகப் போன சரக்கால் விருந்து கெட்டது. மீதி 56 கிலோவைப் பசியாவரத்தார் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தவறு முழுவதும் எங்களுடையதே.

பிரெஞ்சில் 80 என்பது நான்கு இருபதுகள். கூட்டாமல் பெருக்க வேண்டும். 24-க்கு அதே சொற்கள் இடம் மாறி 'வேன்த் காத்ரு' என்று வரும். 70 என்பது அறுபதும் பத்தும், 'சுவாசாந்த் தீஸ்'. 90 என்பது நான்கு இருபதும் பத்தும், 'காத்ரு வேன் தீஸ்'. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-ஐ 'செப்தாந்த்' என்றும் 90-ஐ 'நோனாந்த்' என்றும் எளிதாகச் சொல்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம் தொண்ணூறுக்குள் நூறும், தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒளிந்திருக்கவில்லையா?

மற்றவை சுலபம். பிரெஞ்சுக்காரர் கடையில் எடுத்த எடுப்பில் விலை கேட்பது மரியாதையன்று. முதலில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு 'செ கொம்பியான்?' (எவ்வளவு?), 'சில் வூ ப்ளே' (தயவுசெய்து), 'மெர்சி' (நன்றி). நீ, நீங்கள் போல அவர்களிடமும் 'த்யு', 'வூ' என்று இரண்டு உண்டு. வாடிக்கையாளரை 'வூ' என்றே அழைக்க வேண்டும். இறால் 'கிரெவெத்', நண்டு 'கிராப்', மீன் 'புவாஸோன்'. மீன் விற்பவர்கள் இதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். நடுவிலுள்ள 'ஸ' அழுத்தமாக வர வேண்டும். வண்டு ரீங்காரம்போல் இழுத்தால் 'விஷம்' என்று பொருளாகிவிடும்!

அயல்மொழி நம் ஊருக்குப் புதிதல்ல. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்திரியா கோட்டை கட்டினார்கள். கோட்டை அழிந்தாலும், அவர்கள் நாணயத்தின் பெயர் 'துட்டு' என்று நம் கல்லாவில் நிற்கிறது. வியாபாரம் நடந்த இடத்தில் மொழியும் கலக்கத்தான் செய்யும்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்குச் சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் நடத்துகிறது. நம் வயதினருக்கு நூறு வரை எண்ணத் தெரிந்தாலே பெரிய உதவி. ஆனாலும் எந்த மொழியில் பேசினாலும், அளவையும் விலையையும் இலக்கத்தில் எழுதிக் காட்டி, ஒப்புதல் பெற்ற பிறகே சரக்கை ஏற்றுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.