டிக்கட் கையில் இருந்தது, இறங்க இடம் இருக்கவில்லை

2020 மார்ச் 19ஆம் திகதி அதிகாலையோடு கட்டுநாயக்க விமான நிலையம் மூடப்பட்டது என்றுதான் எம்மில் பலர் இன்றும் பேசிக்கொள்கின்றனர். உண்மையில் மூடப்பட்டது வரும் வாசல் மட்டுமே. போகும் வாசல் திறந்திருந்தது. நாட்டில் நின்ற வெளிநாட்டவர்கள் விரும்பினால் ஏறிப் போகலாம், சரக்கும் போகலாம் என்றே அறிவித்தல் சொன்னது. ஆனால் ஏறிப்போக விமானம் வர வேண்டுமே! ஆட்களை இறக்கவே முடியாத ஓர் ஊருக்கு வெறும் ஆசனங்களோடு பறந்துவர எந்தக் கம்பனிக்கு மனம் வரும்?

தம்புள்ளையில் மரக்கறி ஏற்றப் போகும் லொறிக்காரர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. கொழும்பிலிருந்து போகும்போது சீனியோ மாவோ ஏற்றிப் போனால் வாடகை ஒரு விதம். வெறும் லொறியாகப் போனால், திரும்பி வரும் மரக்கறியின் தலையில்தான் இரண்டு பக்கத்துச் செலவும் விழும். அந்த நாட்களில் வெளிநாட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட டிக்கட் விலையைக் கேட்டு "கொள்ளையடிக்கிறார்கள்" என்று பலர் ஏசினார்கள. கொள்ளையடித்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் விலையில் பெரும்பங்கு வெறும் லொறியின் கணக்கு.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொள்வனவாளர்கள் மறுபடியும் வந்துபோகின்றனர். எமது இளைஞர்கள் பலர் டிக்கட் வியாபாரத்தில் இறங்கியிருக்கின்றனர். அவர்களிடம் பேசிப் பார்த்தால் விலை தெரிகிறது, கழிவு தெரிகிறது, 2020இல் நடந்தது மட்டும் தெரியவில்லை. நோய் வந்தது, விமானம் நின்றது என்பதோடு கதையை முடித்துவிடுகின்றனர். ஆனால் அந்த நேரத்திலும் ஆட்கள் போனார்கள். யார் போனார்கள், எந்த வழியால் போனார்கள் என்பதில்தான் வியாபாரிக்கு வேண்டிய விடயம் இருக்கின்றது.

மார்ச் மாதத்தின் அந்த ஒரே வாரத்தை எடுத்துக்கொள்வோம். 22ஆம் திகதியிலிருந்து இந்தியா சர்வதேசப் பயணிகள் விமானங்களை நிறுத்தியது. 23ஆம் திகதி நள்ளிரவோடு சிங்கப்பூர், குறுகிய கால விசாவில் வருபவர்கள் உள்ளே வருவதை மட்டுமல்ல, இடைத்தங்கிப் போவதையும் தடுத்தது. 25ஆம் திகதி ஹொங்கொங் அதையே செய்தது. அதே நாளில் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் பயணிகள் விமானங்கள் நின்றன. டுபாய் போய்விட்டது. கொழும்பிலிருந்து மேற்கே போவதென்றாலும் கிழக்கே போவதென்றாலும் நாம் வழமையாக மாறி ஏறும் ஊர்கள் இவைதான். நான்கு நாட்களுக்குள் எல்லாக் கதவும் அடைபட்டது.

எஞ்சியது டோஹா. கட்டாரும் மார்ச் 18ஆம் திகதியே வெளியார் உள்ளே வருவதைத் தடைசெய்திருந்தது. ஆனால் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானத்தில் ஏறிப் போவோருக்குத் தடை போடவில்லை. இந்த ஒரு விதிவிலக்கினால்தான் உலகமே முடங்கியிருந்த நேரத்திலும் கட்டார் விமான சேவை பல நகரங்களுக்குத் தொடர்ந்து பறந்தது. நாட்டுக்குள் வருவது வேறு, நாட்டின் வழியாகப் போவது வேறு என்ற வித்தியாசம் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிதான். அந்த வரியில் ஆயிரக்கணக்கானோர் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த நாட்களில் எனது கறுவா கொள்வனவாளர் ஒருவர், ஜேர்மன்காரர், காலியில் ஒரு சிறிய விடுதியில் இருந்தார். மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. அவர் வைத்திருந்த திரும்பிப் போகும் டிக்கட், மூடப்பட்ட ஊர் ஒன்றின் வழியாக. எனக்குத் தெரிந்த முகவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "நானா, டோஹா மட்டுந்தான் மிச்சம். காச இப்பவே கட்டினா சீட் நிக்கும். பின்னேரம் கேட்டா நான் பொறுப்பில்ல" என்றார். விலை வழமையைப் போல் மூன்று மடங்கு. கட்டச் சொன்னேன். ஊரடங்கு நேரத்தில் விமான டிக்கட்டையே அனுமதிப் பத்திரமாகக் காட்டிக் கட்டுநாயக்கவுக்குப் போகலாம் என்றிருந்ததால் அவருக்குப் பிரச்சினை இருக்கவில்லை. அவரை இறக்கிவிட்டு வெறும் வாகனத்தோடு காலிக்குத் திரும்பும் சாரதியிடம் ஏது டிக்கட்? அவருக்குப் பொலிஸில் பாஸ் எடுப்பதற்குத்தான் ஒரு பகல் முழுக்கப் போனது. மார்ச் முடிவதற்குள் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

அதே காலியில் இன்னொருவருக்கு வேறொரு முகவர் இதைவிடக் குறைந்த விலைக்கு டிக்கட் கொடுத்திருந்தார். கணினியில் ஆசனம் காட்டியது, காசு போனது, டிக்கட்டும் வந்தது. ஆனால் அந்த விமானத்துக்கு இடையில் இறங்கும் ஊரில் அனுமதி இருக்கவில்லை. இரண்டு நாளில் ரத்து. மறுபடியும் ஒரு திகதி, மறுபடியும் ரத்து. கணினி காட்டும் ஆசனம் கம்பனியின் விருப்பம் மட்டுமே. தரையிறங்கும் அனுமதி அரசாங்கத்தின் கையில். அந்த மனிதரின் காசு போன இடத்திலேயே மாதக்கணக்காக நின்றது.

காசு திரும்பும் விடயத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, கம்பனி விமானத்தை ரத்துச் செய்தால் ஏழு நாட்களுக்குள் காசைத் திருப்ப வேண்டும். பயணி எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே காசுக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கலாம். அமெரிக்காவின் போக்குவரத்துத் திணைக்களமும் 2020 ஏப்ரல் 3ஆம் திகதி, ரத்தான விமானத்துக்குக் காசைத்தான் திருப்ப வேண்டும் என்று கம்பனிகளுக்கு நினைவூட்டியது. இதையெல்லாம் படித்துவிட்டு ஐரோப்பியர்கள் இங்கிருந்து சட்டம் பேசினார்கள். ஆனால் அந்த ஒழுங்குவிதி ஐரோப்பாவிலிருந்து புறப்படும் விமானங்களுக்கும், வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஐரோப்பியக் கம்பனி விமானங்களுக்குமே செல்லும். போய்வரும் டிக்கட்டாக ஒன்றாக வாங்கியிருந்தாலும் திரும்பும் பயணம் தனிக் கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே கொழும்பில் ஏறும் ஒருவரிடம் ஐரோப்பியமல்லாத கம்பனியின் டிக்கட் இருந்தால் அவருக்கு அந்தச் சட்டத்தில் பிடிமானம் இல்லை. வாடிக்கையாளரிடம் காசு வாங்குமுன் இதைச் சொல்லிவைக்கும் முகவர் எத்தனை பேர்?

முகவர்களையும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அந்த ஆண்டு பெப்ரவரி 27ஆம் திகதியே சவூதி அரேபியா உம்ரா பயணிகளை நிறுத்தியிருந்தது. உம்ரா குழுக்களுக்காக ஹோட்டலுக்கும் ஆசனத்துக்கும் முற்பணம் கட்டியிருந்தவர்கள், அந்த அடி ஆறுமுன்னர் இந்த அடியையும் வாங்கினார்கள்.

இனி சரக்கு. இதைத்தான் வியாபாரிகள் கவனிக்க வேண்டும். கொவிட்டுக்கு முன்னர் உலகின் வான்வழிச் சரக்கில் ஏறத்தாழ அரைவாசி போனது தனிச் சரக்கு விமானங்களில் அல்ல, பயணிகள் விமானங்களின் அடித்தட்டில். மேலே ஆட்கள், கீழே மீனும் ஆடையும் மரக்கறியும். ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கின்படி 2020 ஏப்ரலில் உலகப் பயணிகள் போக்குவரத்து முந்திய ஆண்டின் ஏப்ரலோடு ஒப்பிடுகையில் 94.3 வீதம் விழுந்தது. சரக்கின் கேள்வி விழுந்ததோ 27.7 வீதம்தான். ஆனால் சரக்கேற்றும் இடவசதி 42 வீதம் குறைந்தது. ஏற்ற வேண்டிய சாமான் இருக்கின்றது, ஏற்ற இடமில்லை. இந்த நிலையில் கூலி எங்கே போகும் என்று புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்பவரும் சொல்வார்.

கூலி ஏறியதும் கம்பனிகள் பயணிகள் விமானங்களையே சரக்குக்கு ஓட்டத் தொடங்கின. சில கம்பனிகள் ஆசனங்களின் மேலேயே பெட்டிகளைக் கட்டிவைத்துப் பறந்தன. கீழே நல்ல கூலிக்குச் சரக்கு நிறைந்த விமானத்தின் மேல்தட்டில் முப்பது, நாற்பது பேர் ஏறினாலும் கம்பனிக்கு இலாபமே. ஆகவே வெளிநாட்டவர் வீடு போக வழி தேடும்போது, சரக்கு எந்த ஊருக்குப் போகின்றது என்று பார்த்தால் ஆசனம் எந்த ஊருக்குக் கிடைக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஸ்ரீலங்கன் விமான சேவை 2020 மே மாதத்தில் பறக்கத் தெரிவுசெய்த ஊர்களைப் பாருங்கள்: லண்டன், டோக்கியோ, மெல்பேர்ன், ஹொங்கொங். சரக்கும் உண்டு, போக ஆளும் உண்டு. லண்டன் போன்ற ஊர்களிலிருந்து திரும்பும்போது அங்கே சிக்கிய எம்மவர்களையும் ஏற்றிவர முடிந்தது. லொறி இரண்டு பக்கமும் நிறைந்தது.

தூதரகங்கள் ஒழுங்குசெய்த விமானங்கள் தனிக் கதை. ஜேர்மனி சுமார் 240,000 பேரை உலகெங்குமிருந்து மீட்டெடுத்தது. அதற்கென முதலில் 50 மில்லியன் யூரோவை ஒதுக்கியது. இலவசம் என்று நினைத்து ஏறியவர்களுக்குப் பின்னர் இடத்தைப் பொறுத்து 200 முதல் 1,000 யூரோ வரை பில் வந்தது. பிரித்தானியா 2020 மார்ச் 30ஆம் திகதி விமானக் கம்பனிகளோடு சேர்ந்து 75 மில்லியன் பவுண் செலவில் ஏற்பாடு செய்வதாக அறிவித்தது. எல்லா அரசாங்கங்களும் முதலில் கேட்டது ஒன்றையே: சாதாரண விமானம் ஓடுகின்றதா? ஓடினால் அதில் வாருங்கள், அது இல்லாத இடத்துக்கே எமது விமானம். தூதரக விமானம் வரும் என்று டோஹா டிக்கட்டை வேண்டாமென்றவர்கள் காத்திருந்து களைத்தார்கள். எமது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் விசாக் காலத்தைக் கட்டங்கட்டமாக நீடித்துக்கொடுத்ததனால் அவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகவில்லை. விடுதிக் காசு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

வருத்தமான விடயம் இந்தியர்களுடையது. சென்னைக்குக் கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் கூட ஆகாது. புடவை வியாபாரத்துக்காக நாலு நாளுக்கு என்று வருபவர்கள் பெரிய டோஹாக்களைத் தேட வேண்டிய தேவையே இல்லாதவர்கள். ஆனால் அவர்களது நாடே கதவை மூடியிருந்ததால் எந்த ஊர் வழியாகவும் போக முடியாது. காசிருந்தும் பயனில்லை. ஜூன் 1ஆம் திகதி இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் கொழும்புத் துறைமுகத்திலிருந்து சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டு மறுநாள் தூத்துக்குடியில் இறக்கியது. மார்ச் 22இலிருந்து எண்ணினால் எழுபது நாட்களுக்கு மேல். விமானக் காலத்தில் கப்பல்தான் கைகொடுத்தது.

அவுஸ்திரேலியர்களின் கதை அதற்கு மறுபக்கம். விமானம் ஓடியது, நாடும் தன் பிரஜைகளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தனிமைப்படுத்தும் ஹோட்டல்களில் இடம் போதாதென்று 2020 ஜூலையிலிருந்து வருபவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டார்கள். பெரிய விமானமொன்றில் முப்பது பேரளவில் மட்டுமே ஏற்றலாம் என்ற நிலை. அப்போது கம்பனி யாரை ஏற்றும்? அதிகம் கொடுத்த முதலாம் வகுப்பு, பிஸ்னஸ் வகுப்புக்காரரை. மலிவான டிக்கட்காரர் திரும்பத் திரும்பப் பின்னே தள்ளப்பட்டார். போய்ச் சேர்ந்த பிறகும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹோட்டலுக்கு 3,000 அவுஸ்திரேலிய டொலர். அந்த நாட்டு வாடிக்கையாளர் ஒருவர் என்னிடம் மலிவு டிக்கட்டுக்கு வழி கேட்டபோது, மலிவு வேண்டுமானால் வீட்டு வாடகையையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்.

2021 ஜனவரி 21ஆம் திகதி எமது விமான நிலையம் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அந்த ஆண்டின் ஜூன் 8ஆம் திகதி பிரித்தானியா இலங்கையைச் சிவப்புப் பட்டியலில் போட்டது. செப்டெம்பர் 22ஆம் திகதிவரை இங்கிருந்து போகும் பிரித்தானியர் தமது நாட்டில் பத்து நாட்கள் ஹோட்டலில் அடைபட வேண்டும். ஆளொருவருக்கு 1,750 பவுண், ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து 2,285 பவுண். டிக்கட் விலையைவிடக் கூடுதல்.

அமீரகத்தில் கடை வைத்திருக்கும், அங்கே தொழில் செய்யும் எம்மவர்களும் அந்த நாட்டுக்கு வெளிநாட்டவர்களே. லீவில் வந்தவர்கள் 2021 மே 12ஆம் திகதியோடு இங்கே மாட்டினார்கள். வேறொரு நாட்டில் பதினான்கு நாள் தங்கிப் போனால் விடுவார்கள் என்று சிலர் அதற்கும் செலவழித்தார்கள். கையில் வதிவிட விசா, பூட்டிய கடைக்கு மாதாமாதம் வாடகை. ஓகஸ்ட் 5ஆம் திகதி கதவு திறந்தது, அதுவும் இரண்டு ஊசியையும் அமீரகத்திலேயே போட்டிருந்தவர்களுக்கு. லீவு வீணாகக் கூடாதென்று இங்கே ஊசி போட்டவர்கள் மறுபடியும் நின்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் ஏற்ற ஊசி எங்கே போட்டாலும் சரி என்று செப்டெம்பர் 12ஆம் திகதி விதி மாறிய பிறகே அவர்கள் போக முடிந்தது. எங்கள் தெருவில் ஒருவர் போய்ப் பார்த்தபோது, கடைக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தார் கட்டடச் சொந்தக்காரர்.