மூன்று பேர் சொன்னால் சரியாகிவிடுமா?



2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. பிரசெல்ஸ் நகரத்தின் ஒரு பகுதியான ஸ்கார்பேக்கில் மின்னணு முறையில் வாக்களித்தார்கள். எண்ணிப் பார்த்தபோது ஒரு வேட்பாளருக்கு, அவர் பெறவே முடியாத அளவு வாக்குகள் விழுந்திருந்தன. வாக்காளர்களின் காந்த அட்டைகளை மறுபடி எண்ணினார்கள். முதல் கணக்கில் சரியாக 4096 வாக்குகள் கூடுதலாக இருந்தன.

ஏன் 4096? கணினி எல்லா எண்களையும் 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதுகிறது. அந்த முறையில் வலப்பக்கமிருந்து 13ஆவது இடத்தின் மதிப்பு 4096. அந்த இடத்திலிருந்த ஒரு 0, 1 ஆக மாறினால் போதும், 4096 வாக்குகள் கூடிவிடும். நிபுணர்கள் தேடியும் மென்பொருளில் பிழை அகப்படவில்லை. நினைவகத்தில் ஒரு குறி தானாகவே மாறியிருக்க வேண்டும் என்றார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்த் துகள்கள் சிலிக்கன் சில்லுகளில் இப்படிச் செய்யக்கூடியவை.

தேர்தலில் மறுபடி எண்ணலாம். பறந்துகொண்டிருக்கும் ராக்கெட்டில் அதற்கு நேரமில்லை. அதனால் பொறியியலாளர்கள் ஒரே வேலையை மூன்று சுற்றுகளுக்குக் கொடுத்து, நான்காவதாக ஒரு சிறிய சுற்றை நடுவராக வைக்கிறார்கள். இதுதான் பெரும்பான்மைச் சுற்று. அது கேட்பது மூன்றே கேள்விகள். முதலாவதும் இரண்டாவதும் 1 என்கின்றனவா? இரண்டாவதும் மூன்றாவதும்? முதலாவதும் மூன்றாவதும்? ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்று வந்தால் விடை 1. இல்லையென்றால் 0.

இதன் பலன் பெரிது. ஒவ்வொரு சுற்றும் 100 தடவைக்கு ஒரு தடவை தவறும் என்று வைப்போம். குறைந்தது இரண்டாவது சேர்ந்து தவறினால்தான் பெரும்பான்மை தவறும். அது 10,000 தடவைக்கு ஏறக்குறைய 3 தடவைதான் நடக்கும். ஆனால் ஒவ்வொன்றும் 100க்கு 60 தடவை தவறுமானால், பெரும்பான்மை ஏறக்குறைய 65 தடவை தவறும். நம்பத்தகாதவர்கள் கூடினால் நியாயம் இன்னும் கெட்டுப்போகும்!

சரி, நடுவரே பழுதானால்? கணித மேதை ஜான் வான் நியூமன் 1956இல் வெளிவந்த தம் கட்டுரையில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். நடுவரும் தவறக்கூடிய ஒரு பொருள்தான் என்று எடுத்துக்கொண்டே அவர் கணக்குப் போட்டார். நடுவரையும் மூன்றாக்குவது இதற்கு ஒரு வழி. மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கணினியில் தர்க்கச் சுற்றுகளை ஏழு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூன்றாகச் செய்து, கூறுக்குக் கூறு வாக்கெடுத்தார்கள். ஒரு கூறில் நுழைந்த பிழை அடுத்த கூறுக்குப் போகுமுன் அங்கேயே நின்றுவிடும்.

இன்றைய சில்லுகளில் இன்னும் இரண்டு கவனங்கள் உண்டு. மூன்று பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்லை, ஒரே துகள் இரண்டைத் தாக்கிவிடலாம் என்பதால். தவறிய பிரதியை அப்படியே விட்டுவைப்பதுமில்லை. பெரும்பான்மை சொன்ன விடையை உடனே அதில் எழுதிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அடுத்த பிழை வரும்போது இரண்டு தவறு ஒன்றாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஆபத்து மிச்சமிருக்கிறது. எல்லாரும் ஒரே பிழையைப் படித்து வந்திருந்தால் வாக்கெடுத்து என்ன பயன்? அமெரிக்க விண்வெளி ஓடத்தில் ஐந்து கணினிகள் இருந்தன. முக்கியமான கட்டங்களில் நான்கு ஒரே மென்பொருளை இயக்கி ஒன்றையொன்று சரிபார்த்தன. ஐந்தாவதற்கு வேறொரு குழுவினர் தனியாக மென்பொருள் எழுதினார்கள். நான்கும் சேர்ந்து ஒரே விதமாகத் தவறினால், விமானிகள் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

வைத்தியசாலையில் எங்களுக்கும் இதே விதிதான். ஆபத்தான மருந்துகளின் அளவை இரண்டு தாதியர் சரிபார்க்க வேண்டும். இரண்டாமவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல் தானே கணக்குப் போட வேண்டும். "25 மில்லிகிராம், சரிதானே?" என்று கேட்டு, மற்றவர் தலையாட்டினால் அங்கே இருப்பது இரண்டு வாக்கு அல்ல, ஒரே வாக்குத்தான்.

நீங்களும் கவனியுங்கள். ஒரே செய்தி பத்துப் பேரிடமிருந்து உங்கள் கைபேசிக்கு வரும். பத்துப் பேரும் ஒரே இடத்திலிருந்து எடுத்து அனுப்பியிருந்தால் அதற்குச் சாட்சி ஒருவர்தான். நண்பர்கள் உங்கள் கருத்தைக் கேட்கும்போது, மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று பார்க்குமுன் நீங்களே யோசித்து ஒரு விடைக்கு வாருங்கள். அப்போதுதான் உங்கள் வாக்கால் யாருக்காவது பயன் இருக்கும்.