தேன் பெருகும் காலத்தில் குடி பிரியும் தேனீக்கள்

தேனீயின் பெயரையே திருமறையின் 16ஆம் அத்தியாயம் (அந்நஹ்ல்) தாங்கி நிற்கிறது. அந்தத் தேனீயை வீட்டுத் தோட்டத்தில் வளர்த்துப் பயன்பெறும் குடும்பங்கள் குமரி மாவட்டத்தில் ஏராளம். ஆண்டெல்லாம் பேணிய பெட்டி, தேன் சேரும் வேளையில் பாதியாகக் குறைந்து நிற்பதைக் கண்டு கலங்குவோரும் அவர்களுள் உண்டு. 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோயொன்று இவ்வட்டாரக் கூடுகளைப் பெருவாரியாக அழித்ததை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இதுவோ நோயன்று, கூட்டத்தின் வலிமையே இதற்குக் காரணம்.

குமரியின் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்றால் வியப்பீர்கள். இலையுதிர்த்த ரப்பர் மரம் ஜனவரியையொட்டித் தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளில் இனிய நீர் கசிகிறது. தேனீக்கள் அதைத்தான் கொண்டு வந்து குவிக்கின்றன. கூட்டில் நெரிசல் மிகுந்தால் புதிய ராணியை வளர்க்கத் தொடங்கும். பழைய ராணி பெரும் படையுடன் பறந்துவிடும். எஞ்சியவை உமக்குத் தேன் சேர்த்துத் தரப் போதா.

ஆகவே, வாரம் ஒருமுறை கீழறை அடைகளைத் தூக்கிப் பாருங்கள். கீழ் விளிம்பில் நிலக்கடலை போல் தலைகீழாய்த் தொங்குவதே ராணி அறை. முட்டையிட்ட எட்டாம் நாளையொட்டி அது மூடப்படும். பழைய ராணி புறப்படும் நேரமும் அதுவே. அவ்வறைகளைக் கிள்ளி எறியலாம். ஆயின், கூட்டில் ராணியோ புதிய முட்டைகளோ இருப்பதைக் காணாமல் கிள்ளாதீர்கள். ராணி முன்பே போயிருந்தால், கூட்டின் ஒரே நம்பிக்கையை நீங்களே அழித்தவராவீர்கள்.

கிள்ளுவதோடு நின்றாலும் பயனில்லை, இடம் தரவேண்டும். மேலே தேனறையைப் பொருத்துங்கள். நிரம்பியதும் அடையைப் பிழியாமல், சுழற்றும் கருவியில் தேனை மட்டும் எடுத்து, வெற்றடையைத் திரும்ப வையுங்கள். மீண்டும் மெழுகு கட்டும் உழைப்பு தேனீக்களுக்கு மிச்சமாகும்.

இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. அடையின் முக்கால் பங்கு கண்ணறைகள் மெழுகால் மூடப்படுமுன் எடுத்த தேனில் நீர் மிகுதி, அது புளித்துவிடும். சிலர் தேன் காலத்திலும் சர்க்கரைப் பாகு வைக்கிறார்கள். அப்பாகு அடையில் சேர்ந்து, தேனென்ற பெயரில் விலை போகிறது! நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைப் பெருமானார் (ஸல்) சந்தையில் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததுதானே?

கீழறைத் தேனில் மட்டும் கை வைக்காதீர்கள். ஜூனில் பருவமழை பிடித்துக்கொண்டால் வெளியே செல்ல இயலாத தேனீக்களுக்கு அதுவே உணவு.